ஒரு மலை, இரு ஏடுகள்!

சூரியனைப் பாம்பு விழுங்கும்; பூமி நடுங்கும்; ஊர் அழியும்! கிரகணம் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வந்து சேருகிறது. கிரகணம் சில மணி நேரத்தில் விலகிவிடுகிறது. கிலி மட்டும் விலகுவதில்லை. சோதிடர் சொல்கிறார், ஏடு அச்சிடுகிறது, தொலைக்காட்சி பெருக்குகிறது, கைபேசி பரப்புகிறது. ஊர்த் திண்ணையோடு நின்றுவிட்ட வதந்திக்கு இன்று சிறகு முளைத்து, ஒரே இரவில் கடல் கடந்து போய்த் திரும்புகிறது.

பூகம்பம் எந்த ஊரிலே வரும்? சொல்லமாட்டார்கள். எந்த நாளிலே? சொல்லமாட்டார்கள். எத்தனை வலுவோடு? அதையும் சொல்லமாட்டார்கள். வரும் என்பார்கள், அவ்வளவுதான்! எங்கோ ஒரு மூலையில் வந்துவிட்டால், "அன்றே சொன்னோமே" என்பார்கள். வராவிட்டால், "பரிகாரம் பலித்தது" என்பார்கள். எப்படி உருட்டினாலும் தாயமே விழும் கட்டை அவர்கள் கையிலே. ஆடுபவன் தோற்கவே முடியாத ஆட்டத்துக்கு அறிவு என்றா பெயர்? புரட்டு என்றல்லவா பெயர்!

கோபத்தால் இதைத் தீர்க்க முடியாது. கேலியாலும் தீர்க்க முடியாது. கணக்கு வேண்டும், சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பழனி மலைத்தொடரின் மேலே, கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கொடைக்கானலிலே அது இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் நின்று பார்த்தால், கீழே பழனி தெரியும். கிரகணம் என்றால் பழனியிலே நடை சாத்துவது வழக்கம். அதே கிரகணம் என்றால் மேலே, சூரிய ஆராய்ச்சி நிலையத்திலே, கருவியைத் திறப்பது வழக்கம். கீழே கதவு மூடுகிறது, மேலே கண் திறக்கிறது. ஒரே மலைத்தொடரில் இரண்டு உலகங்கள்!

அந்த ஆராய்ச்சி நிலையம் பிறந்த கதையைத் தமிழர் அறிந்திருக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது? சூரியனிலே தோன்றி மறையும் கரும்பொட்டுகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்வி அன்று எழுந்தது. பதில் காணவேண்டுமானால் சூரியனை ஆண்டுக்கணக்கில் கவனித்தாக வேண்டும். அதற்குத் தெளிந்த வானமும் தூசியற்ற காற்றும் தேவை. எனவே 1899ல் சென்னையிலிருந்து வானாராய்ச்சிப் பணி மலையேறியது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1904 முதல் மேகம் விலகிய நாளிலெல்லாம் சூரியனின் உருவத்தை அங்கே படம் பிடித்து வந்திருக்கிறார்கள். 1909ல் எவர்ஷெட், சூரியப் பொட்டின் உள்ளிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். உலகத்துப் பாடநூல்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே குறிக்கின்றன.

இதிலே இன்னொரு செய்தி உண்டு. நம் வாதத்துக்கு உயிர் அதுதான். 1897 ஜூன் 12ல் அசாமைப் பெரும் பூகம்பம் புரட்டிப் போட்டது. அதன் பிறகு இந்தியாவிலே நில அதிர்ச்சியைப் பதிவு செய்யும் கருவிகளை நிறுவ முற்பட்டார்கள். கல்கத்தாவிலே ஒன்று, பம்பாயிலே ஒன்று, மூன்றாவது கொடைக்கானலிலே! ஜான் மில்ன் என்ற விஞ்ஞானி வகுத்த கருவி அது. 1899ல் அது மலைக்கு வந்தது. பின்னர் 1960களில் உலக முழுவதும் ஒரே தரத்தில் அமைந்த நில அதிர்ச்சி நிலையங்களின் வரிசையிலும் கொடைக்கானல் இடம்பெற்றது. அணுகுண்டைப் பூமிக்கடியிலே இரகசியமாக வெடித்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய வரிசை அது!

ஆக, ஒரே மலையிலே இரண்டு ஏடுகள். ஓர் ஏட்டிலே சூரியனின் முகம், மற்றோர் ஏட்டிலே பூமியின் நடுக்கம். நூறாண்டுக்கும் மேலாக இரண்டும் பக்கத்துப் பக்கத்திலே எழுதப்பட்டிருக்கின்றன. கிரகணம் விழுந்தால் பூமி ஆடும் என்பது உண்மையானால், அதை முதலில் கண்டிருக்க வேண்டியவர் யார்? தெருக்கோடிச் சோதிடரா, அந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவிலே உட்கார்ந்திருந்தவரா? சூரியனை ஆராய்கிறவனும் சொல்லவில்லை, நடுக்கத்தை அளக்கிறவனும் சொல்லவில்லை. இரண்டையும் பார்க்காதவர் மட்டும் உறுதியாகச் சொல்கிறார்!

நண்பர்களே! கிரகணத்துக்கும் பூகம்பத்துக்கும் உள்ள முதல் வேற்றுமையைக் கவனியுங்கள். கிரகணம் நாள் குறித்து வரும் விருந்தாளி. பூகம்பம் சொல்லாமல் புகும் கொள்ளைக்காரன்.

கிரகணம் நிழலால் விளைவது என்று 499ல் எழுதிய தம் நூலிலே ஆரியபட்டர் விளக்கிவிட்டார். 1825ல் சென்னையிலே வெளிவந்த தம் நூலில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியிலே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தொலைநோக்கி இல்லாமல், தாளும் எழுதுகோலும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு, தரையிலே சோழிகளை அடுக்கி அடுக்கியே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்துக்குரிய நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். வியக்கத்தக்க திறமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திறமையே பாம்புக் கதையை அடித்து நொறுக்குகிறதே! பாம்பு விழுங்குகிறது என்றால், அந்தப் பாம்புக்குக் கடிகாரம் கட்டிவிட்டது யார்? அடுத்த பசி எந்த நாழிகையில் வரும் என்று சோழிக்கு எப்படித் தெரிந்தது? கணக்குப் போட்டவருக்கு அது நிழல் என்பது கைவசம் தெரியும். கதை கேட்டவருக்குத்தான் அது பாம்பு!

சோழியால் கிரகணத்தைப் பிடிக்கலாம். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய கணிப்பொறியைக் கொண்டும், இந்த ஊரில், இந்த நாளில், இத்தனை வலுவோடு பூகம்பம் வரும் என்று இதுவரை எவரும் கணித்ததில்லை. கிரகணம்தான் பூகம்பத்துக்குக் காரணம் என்றால், இந்தக் கஷ்டம் ஏது? கிரகணத்தின் நாள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெரியும். அன்று மக்களை வெட்டவெளியிலே உட்கார வைத்துவிட்டால் ஓர் உயிரும் போகாதே! அப்படி ஓர் எளிய வழி இருந்தும், பூகம்பத்துக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்த ஜப்பான்காரனும் துருக்கிக்காரனும் அதைக் கைக்கொள்ளாமல் விட்டிருப்பார்களா?

துருக்கி என்றதும், "அகப்பட்டுக்கொண்டீர்கள்" என்பார்கள் அவர்கள். அவர்களுடைய தலைசிறந்த சாட்சி துருக்கிதான். 1999 ஆகஸ்ட் 11ல் முழுச் சூரிய கிரகணம் துருக்கியின் மேலே சென்றது. ஆறே நாளில், ஆகஸ்ட் 17ல், இஸ்மித் நகரருகே 7.6 அளவுள்ள பூகம்பம். 17,000க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். கேட்டால் நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது. சாட்சியை விரட்ட வேண்டாம், கூண்டிலே ஏற்றி விசாரிப்போம்.

அந்த நிழல் துருக்கியில் மட்டுமா விழுந்தது? இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, ஹங்கேரி, ருமேனியா, ஈரான், பாகிஸ்தான் என்று வரிசையாகக் கடந்து, இந்தியாவுக்கும் வந்து, வங்கக் கடலிலேதான் முடிந்தது. இலண்டன் மாநகர் குலுங்கவில்லை, பாரிசு சரியவில்லை. நிழலுக்குத் துருக்கி மீது மட்டும் என்ன தனிப்பகை? அதிலும் இஸ்மித் நகரம் முழு நிழல் சென்ற பாதையிலேயே இல்லை. பாதையிலே இருந்த ஊர்களை விட்டுவிட்டு, ஓரத்திலே இருந்த ஊரைப் போய் அடித்ததாம் கிரகணம்!

இஸ்மித் ஏன் சரிந்தது? துருக்கியின் வடபகுதியிலே நிலத்தடியில் ஒரு பெரும் பிளவு கிழக்கு மேற்காக ஓடுகிறது. 1939ல் அதன் கிழக்குப் பக்கத்தில் எர்சின்ஜானிலே பெரும் பூகம்பம். அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பூகம்பங்கள், பெரும்பாலும் மேற்கு நோக்கி நகர்ந்து வந்தன. சட்டையிலே ஒரு தையல் விட்டால் அடுத்த தையலின் மேல் இழுப்பு ஏறுவதில்லையா? அதுபோல ஒவ்வோர் உடைப்பும் அடுத்த பகுதியின் மீது பளுவை ஏற்றியது. இஸ்மித் அருகே அந்தப் பளு ஏறி நிற்கிறது என்று 1997லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். நாள் குறிக்கவில்லை, அது அவர்களால் முடியாது. இடத்தைச் சுட்டினார்கள், காரணத்தைக் காட்டினார்கள். கிரகணம் அந்தக் கணக்கிலே எந்த வரியிலும் இல்லை.

அதோடு விட்டோமா? 2006 மார்ச் 29ல் அதே துருக்கியின் மேலே மீண்டும் முழுச் சூரிய கிரகணம். 1999 போன்ற அழிவு அதைத் தொடர்ந்து வரவில்லை. பின்னர் 2023 பிப்ரவரி 6ல் 7.8 அளவுள்ள பூகம்பம் வந்து, துருக்கியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கு முந்திய சூரிய கிரகணம் 2022 அக்டோபர் 25ல், மூன்று மாதத்துக்கும் முன்னால்! ஆக, ஒரே நாட்டிலே கிரகணம் வந்து பூகம்பம் வராததும் உண்டு, கிரகணத்தை எதிர்பாராமல் பூகம்பம் வந்ததும் உண்டு. 1999ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைப்பது சாட்சி சொல்வதாகாது, சாட்சியைத் திருடுவதாகும்.

இன்னொரு வேடிக்கை. 2010 ஜனவரி 15ல் நம் கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. அந்த வளைய கிரகணம் 11 நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அந்த அளவுக்கு நீண்ட வளைய கிரகணம் இந்த ஆயிரம் ஆண்டுகளில் வேறில்லை. மூன்று நாள் முன்னதாக, ஜனவரி 12ல், எங்கோ ஹைத்தி நாட்டிலே பூகம்பம். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். கேட்கிறோம்: திருட்டு நடந்தது செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை ஊருக்குள் வந்தவனையா திருடன் என்று கட்டி வைப்பது? காரணம் பின்னே, காரியம் முன்னே! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகச் சொல்வார்கள். இது மொட்டை அடிப்பதற்கு முன்பே போட்ட முடிச்சு!

முடிச்சுப் போடுவது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதைக் கணக்காகவே பார்ப்போம். ஓர் ஆண்டிலே சூரிய கிரகணம் குறைந்தது 2 வரும். 5 வரையிலும் வரலாம். ஆகவே நாட்காட்டியிலே எந்த நாளைத் தொட்டாலும், அதற்கு முன்போ பின்போ ஏறத்தாழ மூன்று மாதத்துக்குள் ஒரு சூரிய கிரகணம் இருந்தே தீரும். மறுபக்கம், உலகிலே 7 அளவுக்கு மேற்பட்ட பூகம்பம் ஆண்டுக்குச் சராசரி 15 நிகழ்கிறது. 6 அளவுக்கு மேற்பட்டவை 100க்கும் அதிகம். அதாவது மூன்று நான்கு நாளைக்கு ஒன்று! எனவே எந்தக் கிரகணத்தை எடுத்தாலும், அந்த வாரத்திலேயே பூமியின் ஏதோ ஒரு மூலை குலுங்கியிருக்கும். கிரகணத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு மாதத்தின் சம்பள நாளை எடுத்துக்கொண்டு, சம்பளம் கொடுப்பதால்தான் பூமி நடுங்குகிறது என்றுகூட இதே முறையிலே நிரூபித்துவிடலாம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பழங்கள் ஓயாமல் விழும் தோப்பிலே காக்கைக்கா பஞ்சம்?

நம் பக்கத்து ஏட்டையே புரட்டுவோம். 1900 பிப்ரவரி 8ல் கோவை வட்டாரத்தை ஒரு பூகம்பம் உலுக்கியது. அதன் அளவு சுமார் 6 என்று மதிப்பிடுகிறார்கள். இந்தப் பகுதியின் வரலாற்றில் குறிக்கத்தக்க பெரிய அதிர்ச்சி அது. அன்று கிரகணமா? இல்லை. முந்திய சூரிய கிரகணம் 1899 டிசம்பர் 3ல், அடுத்தது 1900 மே 28ல். சரி, அமாவாசையா? அதுவும் இல்லை. பௌர்ணமியா? இல்லவே இல்லை. அமாவாசை கழிந்து எட்டு நாள், வானிலே பாதியைத் தாண்டிய வளர்பிறை! பஞ்சாங்கத்திலே பயமுறுத்த ஒன்றும் அகப்படாத சாதாரண நாள். பூமி, பஞ்சாங்கம் பார்த்துவிட்டா நடுங்குகிறது?

2004 டிசம்பர் 26ஐத் தமிழகம் மறக்குமா? சுமத்ராவின் கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்தது. ஆழிப்பேரலை எழுந்து, நாகையிலும் கடலூரிலும் குமரியிலும் சென்னையிலும் வாழ்ந்த குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. அந்த ஆண்டின் கடைசிச் சூரிய கிரகணம் அக்டோபர் 14ல் முடிந்து 73 நாளாகியிருந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, அதே டிசம்பர் 26ல், 2019ல், உண்மையாகவே கிரகணம் வந்தது. உதகையிலும் கோவையிலும், பழனி மலைக்கு அடுத்த திண்டுக்கல்லிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நாளும் அதே நாள், நிழலும் நம் தலைக்கு மேலே. "இம்முறை தப்பாது" என்று அஞ்சியவர்கள் உண்டு. என்ன நடந்தது? நிழல் போனது, வெயில் வந்தது. கடல் தன் இடத்திலேயே இருந்தது.

கிரகணம் எதையுமே செய்யாது என்றா சொல்கிறோம்? இல்லை. வெயில் தணிகிறது, காற்றின் சூடு குறைகிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன. வானத்தின் உயரே மின்னேற்றம் கொண்ட படலத்திலே மாறுதல் உண்டாகிறது. இவை அளந்து கண்ட உண்மைகள். கதிரவனும் திங்களும் ஒரு வரிசையிலே நின்று இழுக்கும்போது கடல் பொங்குகிறது. கடல் மட்டுமா? நாம் நிற்கும் தரையும் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. சில இடங்களில் சுமார் 30 சென்டிமீட்டர் வரையிலும்கூட! ஆனால் இந்த இழுப்பு கிரகணத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வோர் அமாவாசையிலும் ஏறக்குறைய இதே இழுப்புத்தான். நிழல் நம்மேல் விழுகிறதா, வெற்றுவெளியிலே போகிறதா என்பதுதான் வேற்றுமை. நிழலுக்கு எடை கிடையாது, பாறையை உடைக்க!

விஞ்ஞானிகள் இதையும் ஆராயாமல் விடவில்லை. ஆராயாமல் மறுப்பது அவர்கள் வழக்கமன்று. ஏற்கெனவே உடையும் நிலைக்கு வந்துவிட்ட பாறையை, ஓத இழுப்பு மிகுந்த வேளை சிறிதே தூண்டக்கூடும் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2016ல் காட்டினார்கள். ஆனால் அது மிக நுண்ணிய வேற்றுமை, நாள் குறிக்க உதவாது. 2018ல் சூசன் ஹாஃப் என்ற அமெரிக்க அம்மையார், 8 அளவுக்கு மேற்பட்ட பெரும் பூகம்பங்களை நூற்றாண்டுக்கணக்கில் தொகுத்து, அவை ஆண்டின் குறிப்பிட்ட நாட்களிலோ நிலவின் குறிப்பிட்ட பிறையிலோ கூடுதலாக வருகின்றனவா என்று கேட்டார். கட்டுரையின் சுருக்கமாக அவர் அச்சிட்டது ஒரே சொல்: "இல்லை". பக்கம் பக்கமாகப் பலன் எழுதுவோர் அந்த ஒரு சொல்லின் எடையை அறியவேண்டும்!

பூகம்பத்துக்கு உண்மைக் காரணம் வானத்திலே இல்லை, காலடியிலே இருக்கிறது. நாம் வாழும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவின் மேல் முட்டிக்கொண்டிருக்கிறது. இமயம் அந்த முட்டலிலே எழுந்த மலை. முட்டும் இடத்திலே பாறை வளைகிறது, தாங்குகிறது, நூறாண்டு இருநூறாண்டு பொறுக்கிறது, ஒரு நாள் நழுவுகிறது. அந்த ஒரு நாள்தான் நமக்குப் பூகம்பம். நூறாண்டு சேர்ந்த அழுத்தத்தை விட்டுவிட்டு, நாலு நிமிட நிழல்மீது பழி போடுவது என்ன நியாயம்?

வானத்தின் மேல் பழி போடுவது பாமரர் மட்டும் செய்வதல்ல. 1934 ஜனவரி 15ல் பீகாரும் நேபாளமும் பூகம்பத்தால் சிதைந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மாதம் 24ந் தேதி, நம் திருநெல்வேலியிலே, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்ற கருத்தைக் காந்தியார் சொன்னார். தீண்டாமை ஒழியவேண்டும் என்பதிலே கவி தாகூருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் அவர் மறுத்தார். இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும். நல்ல நோக்கத்துக்காகவும் இந்தப் பகுத்தறிவற்ற வாதத்தைத் துணைக்கழைக்கக் கூடாது என்பது அவர் கருத்து. காந்தியார் அந்த மறுப்பைத் தம் ஏட்டிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. பாவத்துக்குத் தண்டனை என்றால், அந்த இடிபாட்டிலே சிக்கிய குழந்தையும் ஒடுக்கப்பட்ட ஏழையும் செய்த பாவம் என்ன? அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே தண்டனையா?

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. நட்டம் இருக்கிறது, தோழர்களே! கிரகணம் என்றதும் கருவுற்ற பெண்ணை இருட்டறையிலே அடைத்து, உண்ணாதே, குடியாதே, அசையாதே என்கிறார்களே, அந்தத் தாயின் தாகம் நட்டமில்லையா? கிரகணத்தால் கண்ணுக்கு வரும் ஒரே ஆபத்து, சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது. அதைச் சொல்லித்தர மறந்து, ஆபத்தே இல்லாத சோற்றுப் பானைக்குத் தர்ப்பை போடுகிறோமே, அது நட்டமில்லையா? எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. வானத்தைப் பார்த்து அஞ்சுகிறவன், சுவரைப் பார்க்க மறந்துவிடுகிறான்.

ஆம், சுவர்! பூகம்பத்திலே பெரும்பாலும் மனிதனைக் கொல்வது அவன் தலைமேல் விழும் சுவர். 1993 செப்டம்பர் 30ல் மராட்டிய மாநிலத்து லாத்தூரிலே பூகம்பத்தின் அளவு 6.2தான். மண்ணிலே கல்லை அடுக்கிய வீடுகள் உறங்கியவர்கள்மேல் சரிந்து சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2010ல் கிரகணப் பழி சுமந்த ஹைத்தியில் பூகம்ப அளவு 7.0. மாண்டவர் இலட்சத்துக்கும் மேல். ஆறே வாரம் கழித்து, பிப்ரவரி 27ல், சிலி நாட்டிலே 8.8. வெளிப்பட்ட ஆற்றலோ ஹைத்தியைப்போல் சுமார் 500 மடங்கு! மாண்டவர் சில நூறு பேர். சிலியின் வானத்திலே வேறு சூரியனா? வேறு ராகுவா? இல்லை. சிலியிலே கட்டட விதி இருந்தது, அதைக் கடைப்பிடிக்கும் வழக்கமும் இருந்தது. ஹைத்தியிலே வறுமை இருந்தது, விதியில்லாக் கட்டடம் இருந்தது. விதி என்று நெற்றியிலே தேடுகிறோம், அது பொறியாளரின் புத்தகத்திலே இருக்கிறது!

நம் நாட்டிலும் அந்தப் புத்தகம் இல்லாமலில்லை. பூகம்பத்தைத் தாங்கும் கட்டடத்துக்கான இந்தியத் தர விதி 1962லேயே வகுக்கப்பட்டது. வகுத்த விதி எத்தனை வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. மனையடி சாத்திரம் கேட்டு வாசலை மாற்றுகிறவர், தூணிலே கம்பி எவ்வளவு என்று கேட்கிறாரா? கிரகண நாளிலே பரிகாரத்துக்குக் காணிக்கை எடுத்து வைக்கிறவர், மலைச் சரிவிலே கட்டும் வீட்டுக்குத் தாங்குசுவர் எடுத்தாரா? பழனி மலையின் பாறை மிகப் பழையது, இமயத்தைப்போல் நெருக்குண்டு நிற்பதன்று. அதனால் பேரச்சம் வேண்டாம். ஆனால் 1900ஐ மறந்து அலட்சியமும் வேண்டாம். அஞ்சுவதும் அலட்சியமும் இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் தாய் அறியாமை.

2004ஐ மீண்டும் நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணியளவில் சுமத்ராவிலே பூமி பிளந்தது. நில அதிர்ச்சி சில நிமிடங்களில் தமிழ்நாட்டை எட்டிவிடும். ஆனால் கடல் நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? நம் மீனவத் தாயும் சேயும் மேட்டுக்கு நடந்து போயிருக்கக்கூடிய நேரம் அது! கருவிக்குத் தெரிந்ததைக் கரைக்குச் சொல்ல இந்துமாக்கடலில் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. 2007ல்தான் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. நட்சத்திரம் சொல்லாததால் மாண்டார்களா? நாம் சொல்லாததால் மாண்டார்கள். அந்தக் கணக்கை ராகு கேதுவின் பெயரிலே எழுதி மூடிவிட்டால், பொறுப்புக்குரியவர்களை யார் கேட்பது?

இதே மண்ணிலே கிரகணத்தை வேறு விதமாக வரவேற்ற நாட்களும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18ல் முழுச் சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தைக் கடந்தது. குண்டூரிலே கருவியோடு காத்திருந்தார் பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென். அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியிலே கண்ட ஒரு மஞ்சள் கோடுதான், அதுவரை பூமியில் எவரும் அறியாத ஹீலியம் என்ற வாயுவைக் காட்டிக் கொடுத்தது. சென்னை வானாராய்ச்சிக் கூடத்திலே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, மக்கள் மிரளாமல் பார்க்க வேண்டுமென்று நம் நாட்டு மொழிகளிலேயே விளக்க நூல் வெளியிட்டார். கதவைச் சாத்தியிருந்தால் ஹீலியம் கிடைத்திருக்குமா?

கொடைக்கானலை உண்டாக்கியவர்கள் கேட்ட கேள்வியையும் எண்ணிப் பாருங்கள். சூரியனுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். சூரியனுக்கும் பூகம்பத்துக்கும் தொடர்பு உண்டா என்று இவர்கள் கேட்கிறார்கள். கேள்வி இரண்டும் ஒரே சாயல்தான். கேட்பது குற்றமன்று. அவர்கள் கேட்டுவிட்டு மலையேறி, நூறாண்டு அளந்தார்கள். சூரியப் பொட்டைப் பார்த்து மழைக்கு நாள் குறிக்கும் வழி அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதை ஒளிக்காமல், மேலும் அளந்துகொண்டே போனார்கள். இவர்களோ அளக்காமலே பதிலோடு வருகிறார்கள்! பகுத்தறிவு என்பது பதிலைப் பற்றியதன்று, அளக்கும் பொறுமையைப் பற்றியது.

2031 மே 21ல் மற்றொரு வளைய கிரகணம் வருகிறது. கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடந்து இலங்கைக்குப் போகும் பாதை அது. நாள் இப்போதே தெரியும். ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளுக்குத் தகுந்த கண்ணாடி கொடுத்து, முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். கருவுற்ற பெண்ணுக்கு வேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுங்கள். அன்றோ அந்த வாரமோ உலகில் எங்காவது பூமி குலுங்கும், அது வழக்கம். குலுங்கிய செய்தி வந்ததும் முடிச்சோடு சிலர் வருவார்கள், அதுவும் வழக்கம். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அடுத்த பூகம்பத்துக்கு ஊரையும் நாளையும் முன்கூட்டி எழுதிக் கையொப்பமிட்டுத் தருவீர்களா?" கை பின்னுக்குப் போகும், பாருங்கள்! அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, தலைக்கு மேலே உள்ள கூரை தாங்குமா என்று பொறியாளரைக் கேளுங்கள். நிழல் போய்விடும், நாம் கட்டிய சுவர்தான் நிற்க வேண்டும்.